டியூப் கயிறு

கொல்லிமலைக்கு பைக்கில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் கேட்டால் நீளவாக்கில் கீறித் தருவார்கள். காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி சாய, பின்சீட்டுப் பையும் சரியப் பார்க்கும். நைலான் கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும். டியூப் பையோடு சேர்ந்து இழுபட்டு, உடனே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். என்ன அருமையான பிடி! ரப்பர்மேல் ரப்பர் வழுக்காது; முடிச்சுகூட வேண்டாம், நுனியைச் சுற்றுக்கு அடியில் இறுக்கிச் செருகினால் போதும். கொக்கி இல்லாததால் கண்ணில் தெறிக்கும் பயமும் இல்லை. வால் மட்டும் தொங்கக் கூடாது: செயினில் மாட்டும், சைலன்சரில் பட்டால் உருகும்.

மழைக்கோட்டு, ஸ்வெட்டர், பஞ்சர் கிட் போதும். பையில் பாதி காலியாகவே இருக்கட்டும். மலைமிளகு வாங்காமல் இறங்க மனசு வராது.