மூன்றாவது சக்கரத்தின் கணக்கு

மூன்று சக்கர ஸ்ட்ரோலரைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் பாதி அந்த மூன்றாவது சக்கரத்துக்குச் சேர வேண்டியவை அல்ல. மேடு பள்ளத்தில் அதிராமல் போகும் என்கிறார்கள். அது காற்றடைத்த டயரின் வேலை. கல் இடுக்கில் மாட்டாது என்கிறார்கள். அது சக்கரத்தின் விட்டம் பெரிதாக இருப்பதால். உள்ளே படுத்த குழந்தை அப்படியே தூங்கிவிடும் என்கிறார்கள். அது ஸ்பிரிங்கின் கைங்கரியம். இவை மூன்றையும் நான்கு சக்கர வண்டியில் பொருத்தினாலும் இதே பலன்தான். ஆகவே முன்னால் இரண்டு சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் இருப்பதால் கிடைப்பது என்ன, போவது என்ன என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சென்னைத் தெருவில் தள்ளப்போகிறவருக்காகத்தான் இந்தக் கணக்கு. வண்டி பிறந்த ஊர் வேறு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்றொரு ஊர். அங்கே ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளருக்கு ஓட்டப் பயிற்சியை விடவும் மனமில்லை, கைக்குழந்தையை வீட்டில் விட்டுப் போகவும் மனமில்லை. 1984ல் சைக்கிள் சக்கரங்களை வைத்து அவர் செய்துகொண்ட தள்ளுவண்டிதான் 'பேபி ஜாகர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1990களில் நியூசிலாந்தின் 'மவுண்டன் பக்கி' அதே உருவத்தைக் காட்டுப்பாதைக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோனது. இவற்றுக்கெல்லாம் முந்தியது இன்னொரு வம்சம். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை பார்த்த ஓவன் மெக்லாரன், 1965ல் குடைமாதிரி மடங்கும் அலுமினியத் தள்ளுவண்டியை வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. மெக்லாரனின் கவலை, தள்ளாத நேரத்தில் வண்டியை எங்கே வைப்பது என்பது. பேக்லரின் கவலை, எவ்வளவு வேகமாகத் தள்ளலாம் என்பது. இன்று கடையில் நிற்கும் எல்லா வண்டிகளும் இந்த இரண்டு கவலைகளுக்கும் நடுவில் எங்கோ சமரசம் செய்துகொண்டவைதான்.

(நம் வீட்டு மர நடைவண்டிக்கும் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்றே சக்கரங்கள். ஆனால் அங்கே தள்ளுவது குழந்தை, கணக்கே வேறு.)

கிடைப்பதை முதலில் பார்ப்போம். மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஒரே நேரத்தில் படியும். நான்கு புள்ளிகள் அப்படிப் படிவதில்லை. ஆட்டம் காணாத முக்காலியும், அட்டை மடித்து முட்டுக்கொடுத்த நாற்காலியும் எல்லா வீட்டிலும் உண்டு. சட்டம் விறைப்பாக இருக்கும் நான்கு சக்கர வண்டி, சமனில்லாத தரையில் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுதான் போகும். ஆனால் பெரும்பாலான நான்கு சக்கர வண்டிகளின் சட்டம் சற்று நெளிந்துகொடுக்கும், அல்லது சக்கரத்துக்குச் சக்கரம் ஸ்பிரிங் இருக்கும். ஆகவே இந்த லாபம் ஏட்டில் இருக்கும் அளவுக்குத் தெருவில் இல்லை.

உண்மையான லாபம் திருப்புவதில் இருக்கிறது. முன்னால் சுழலும் சக்கரம் ஒன்றே என்றால் அது தன் விருப்பத்துக்கு ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு என்றால், ஒன்று கல்லில் முட்டித் திரும்பும்போது மற்றது நேரே போகப் பார்க்கும். அந்தச் சண்டையைத் தள்ளுகிறவரின் மணிக்கட்டு தீர்த்துவைக்க வேண்டும். ஒரு கையில் குடையோ, பெரிய பிள்ளையின் கையோ இருக்கும்போது மறு கையால் மட்டும் தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். தள்ளுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. இந்த ஒன்றுக்காகவே மூன்று சக்கர வண்டியை விட்டுக்கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

இனி போவது. நான்கு சக்கரங்கள் தரையில் வரைவது செவ்வகம். மூன்று வரைவது முக்கோணம். வண்டியின் எடை மையம் அந்த உருவத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன்: பின் சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ., பின் அச்சிலிருந்து முன் சக்கரம் வரை 80 செ.மீ., குழந்தையோடு சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், பின் அச்சுக்கு 27 செ.மீ. முன்னால். முன்னும் பின்னும் ஒரே அகலமுள்ள நான்கு சக்கர வண்டி பக்கவாட்டில் கவிழ ஏறக்குறைய 27 டிகிரி சாய வேண்டும். மூன்று சக்கர வண்டிக்கு 17 டிகிரி போதும். ஆட்டோவில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சந்துக்குள் ஒரே வீச்சில் திரும்ப வைப்பதும், வேகமாக வளைத்தால் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்க வைப்பதும் அதே ஒற்றை முன்சக்கரம்தான்.

இதை ஈடுகட்ட வடிவமைப்பவர்களிடம் ஒரு வழி உண்டு: குழந்தையின் எடையைப் பின் அச்சுக்கு நெருக்கமாக நகர்த்துவது. முக்கோணம் அங்கேதான் அகலம். அதே கணக்கில் 27 செ.மீ.யை 20 ஆக்கினால் 17 டிகிரி 19க்கு மேல் ஏறும். ஆனால் பின்பக்கம் கவிழ்வதற்கு இருந்த இடைவெளி அதே அளவு சுருங்கும். அப்போது கைப்பிடியில் மாட்டிய காய்கறிப் பையே வண்டியை மல்லாத்தப் போதும். அதிலும் குழந்தையைத் தூக்கிய கணத்தில். பையை மாட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை எல்லா வண்டிக்கும் பொதுவானது என்றாலும், இங்கே அதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1888, வண்டியை 12 டிகிரி சரிவில் நிறுத்தி நிலைத்தன்மையைச் சோதிக்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் அது ஒரே தளமான சரிவு. ஒரு பின்சக்கரம் மட்டும் நடைபாதை விளிம்பிலிருந்து பொத்தென்று இறங்குவது வேறு சங்கதி.

எடை மையத்தைக் கீழே இறக்கலாமே என்று தோன்றும். இறக்கலாம்; பல ஓட்ட வண்டிகளில் குழந்தை தாழ்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் தாழ்வான இடத்தில்தான் வாகனங்களின் புகைக்குழாயும் இருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் குழுவினர் 2018ல் வெளியிட்ட ஆய்வு, தள்ளுவண்டிக் குழந்தைகள் பெற்றோரைவிட 60 விழுக்காடு வரை கூடுதலாக மாசுக்காற்றுக்கு உள்ளாகக்கூடும் என்றது. கவிழாமல் இருக்கத் தாழ்வு வேண்டும். மூச்சுவிட உயரம் வேண்டும். நான்கு சக்கர வண்டிக்குச் சாயும் இடைவெளி அதிகம் இருப்பதால் இருக்கையை உயர்த்த முடிகிறது. பஸ் ஓடும் சாலையோரம் தினமும் போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே யோசிக்கலாம்.

இனித் தெரு. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 வழிகாட்டி, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 150 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது. சென்னை மாநகராட்சியும் 2014ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கையே வகுத்தது. 2019ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்தத் திசையில் வந்ததுதான். அங்கே எந்த ஸ்ட்ரோலரும் போகும். பிரச்சினை அதிலிருந்து கிளைபிரியும் தெருக்களில். டிரான்ஸ்ஃபார்மர், இளநீர் வண்டி, மழைநீர் வடிகால் மூடிகளின் இடைவெளி, இருசக்கர வாகனம் ஏறாதிருக்க நட்ட கம்பங்கள். பின்பக்கம் 69 செ.மீ. அகலமுள்ள தூலே 'அர்பன் கிளைடு 2' போன்ற வண்டி இவற்றில் ஒவ்வொன்றிடமும் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் புகுந்துவிடும் என்று கண் ஏமாறும்; மாட்டிக்கொள்வது பின்பக்கம்.

ஆனால் விளிம்பு ஏறும் விஷயத்தில் மூன்றாவது சக்கரத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். 12 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 15 செ.மீ., அதாவது விதிப்படியான விளிம்பின் உயரமே அவ்வளவுதான். நேராகத் தள்ளி ஏற்ற முடியாது. முன்பக்கத்தைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். எடை பின்னால் இருப்பதால் கைப்பிடியை லேசாக அழுத்தினால் மூன்று சக்கர வண்டி எழும்பிவிடும். ஒரே சக்கரத்துக்கு இடம் பார்த்தால் போதும். இறங்கும்போது மட்டும் வண்டியைத் திருப்பி, இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து இறங்கும்படி பின்பக்கமாக இறக்க வேண்டும். கோணலாக, முன்சக்கரத்தை முதலில் இறக்குவதுதான் முக்கோணத்துக்கு ஆகாத காரியம்.

காற்றடைத்த டயர் நம் ஊரில் பயமுறுத்த வேண்டிய பொருள் அல்ல. சைக்கிள் கடைக்காரருக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும். பல வண்டிகளின் 12 அங்குல டியூப், குழந்தை சைக்கிளின் அளவுதான். வால்வு பெரும்பாலும் கார், பைக் வகை. பெட்ரோல் பங்கில் அடிக்கும்போது டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து அடிக்கச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன டயருக்குள் காற்று நிறைவது கண்மூடித் திறக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

தோற்பது மடிக்கும் இடத்தில். அந்தத் தூலே வண்டியின் எடை பதினொன்றரை கிலோவுக்குப் பக்கம். பெரிய சக்கரங்களைக் கழற்றினால்தான் பல கார்களின் டிக்கியில் அடங்கும்; டிக்கியில் பாதியைக் கேஸ் சிலிண்டர் பிடித்திருக்கும் டாக்ஸியில் கழற்றினாலும் அடங்காது. ஆட்டோவில் ஏற்றினால் அம்மாவின் காலுக்கு இடமில்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால், ஒரு கையில் குழந்தை, மறு கையில் இது என்று நினைத்துப் பார்த்தாலே போதும். உண்மையில் நம் வீடுகளில் இந்த வண்டிக்குப் போட்டி நான்கு சக்கர ஸ்ட்ரோலர் அல்ல, பாட்டியின் இடுப்பு. கல்யாண மண்டபத்திலும் கோயிலிலும் இடுப்பே ஜெயிக்கிறது. வண்டி ஜெயிப்பது நீண்ட, தடையில்லாத, தினசரி நடையில் மட்டும்.

ஓடுவதற்காக வாங்குகிறவர்கள் குழந்தையின் கழுத்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. சில நிறுவனங்களின் கையேடு எட்டு மாதம் என்கிறது. ஓடும்போது முன்சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் அது படபடத்து வண்டியையே திருப்பிவிடும். இன்னொன்று, மூன்று சக்கரம் இருப்பதெல்லாம் ஓடுவதற்கான வண்டி அல்ல. கையளவு ரப்பர் சக்கரங்களோடு, கைபிரேக் இல்லாமல், ஓட்ட வண்டியின் தோற்றத்தை மட்டும் கடன்வாங்கியவை நிறைய உண்டு. முக்கோணத்தின் நஷ்டம் முழுவதையும் தந்து, பெரிய சக்கரத்தின் லாபம் எதையும் தராதவை இவை. விலை எவ்வளவு குறைந்தாலும் இவற்றைத் தொடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எளிதாக உருளும் வண்டி, கை விட்டால் அதே எளிமையோடு உருண்டோடும். 2009ல் மெல்போர்னின் ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில் தாயின் கை நழுவிய ஒரு நொடியில் ஸ்ட்ரோலர் நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில், வந்துகொண்டிருந்த ரயிலின் முன் விழுந்தது. குழந்தை தெய்வாதீனமாகச் சிறு காயத்தோடு பிழைத்தது. மணிக்கட்டில் மாட்டும் வார் இருக்க வேண்டும், பிரேக்கின் நெம்பு சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பவை ஆஸ்திரேலியாவின் கட்டாய விதிகள். நம் கடையில் வாங்கும்போதும் இந்த இரண்டையும் கேட்டு வாங்கலாம்.

ஆக என் தீர்ப்பு இது. லிஃப்ட் உள்ள குடியிருப்பில், உள்ளேயே சாலையும் மரமும் உள்ள வளாகத்தில், அல்லது கடற்கரைச் சாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு. அங்கே தினமும் அரைமணியாவது தள்ளப்போகிறீர்கள். வண்டியை வாகனத்தில் ஏற்றுவது அபூர்வம். இந்த நிபந்தனைகள் எல்லாமே பொருந்தினால், காற்றடைத்த பெரிய டயரும் பூட்டக்கூடிய முன்சக்கரமும் கொண்ட மூன்று சக்கர வண்டிக்கு ஈடில்லை. ஒன்று பொருந்தாவிட்டாலும், பின்சக்கரம் சற்றுப் பெரிதான, ஏழு எட்டு கிலோவுக்குள் மடங்கும் நான்கு சக்கர வண்டியே மேல். சென்னையில் ஒரே ஒரு வண்டி வாங்கும் பெரும்பாலான வீடுகள் இரண்டாவது வகையில்தான் சேரும்.

நம் ஊரில் இந்த வண்டிகளில் பல புதிதாக வாங்கப்பட்டவை அல்ல. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் அக்காவோ அண்ணியோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவை. இலவசமாக வந்ததை யாரும் திறனாய்வு செய்வதில்லை; செய்ய வேண்டும். 'பாப்' என்ற புகழ்பெற்ற ஓட்ட வண்டிகளில் ஒரு பகுதி, 2015 வரை வந்தவை, முன்சக்கரத்தை நெம்பு திருகிச் சட்டென்று கழற்றும் அமைப்பு கொண்டவை. அது சரியாக மூடாமலே மூடியதுபோல் தெரியும், ஓடும்போது சக்கரம் கழன்றுவிடுகிறது என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் அவற்றை விற்ற பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2012 முதல் சக்கரம் கழன்றதாக ஏறக்குறைய 200 புகார்கள், குழந்தைகளும் பெரியவர்களுமாகச் சேர்த்து நூறு பேருக்குப் பக்கம் காயம் என்றது ஆணையம். கையேட்டின்படி மூடினால் குறையில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அந்த ஆண்டு நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. நெம்பைச் சரியாக மூடும் விதம் பற்றி நிறுவனம் பிரசாரம் செய்தது.

வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே வகை நெம்பு சைக்கிள்களில் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. ஆனால் தூக்கம் கெட்ட பெற்றோர், ஒவ்வொரு முறை டிக்கியிலிருந்து எடுக்கும்போதும், எந்தத் தவறும் இல்லாமல் மூட வேண்டிய நெம்பு அது. நான்கு சக்கர வண்டியில் முன்சக்கரம் ஒன்று கழன்றால் வண்டி கோணும். இங்கே கழன்றால் முன்னால் தாங்க வேறொன்றும் இல்லை. ஆகவே பரிசாக வந்த வண்டியில் குழந்தையை உட்காரவைக்குமுன் பத்து கிலோ அரிசி மூட்டையை உட்காரவைத்து, வாரைப் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கீழ்ப்பக்கம் நன்றாக இழுத்துப் பாருங்கள். துளி அசைவு இருந்தாலும் அச்சை இறுக்கித் திரும்ப இழுக்க வேண்டும். அதன்பின் மூட்டையோடேயே தெருமுனை வரை ஒருமுறை தள்ளிக்கொண்டு போய், ஒரு விளிம்பில் ஏற்றி இறக்கிவிட்டு வந்து, அதே சக்கரத்தை மறுபடியும் இழுத்துப் பார்க்க வேண்டும்.