திரும்புகாலின் மனம்: குமரி நாட்டிலிருந்து ஒரு பார்வை

நீண்ட அயல்நாட்டுப் பிரயாணத்தின் கடைசி நாட்களில் மனிதனுக்கு உண்டாகும் மனோபாவம் விசித்திரமானது. வீட்டை நினைத்து ஏங்கிய நெஞ்சே, மூட்டை கட்டும் வேளை வந்ததும், அந்நிய மண்ணில் பழகிவிட்ட தெருவையும் முகங்களையும் விட்டுப் பிரியத் தயங்குகிறது. இந்த இரட்டை நிலை தமிழ்ப் பிரயாண இலக்கியத்தில் எவ்வளவு தூரம் பதிவாகியிருக்கிறது என்று ஆராயப் புகுந்தால், புறப்பாட்டுக்கும் வழிக்காட்சிகளுக்கும் கிடைத்த இடத்தில் சிறு பங்குகூடத் திரும்புகாலுக்குக் கிடைக்கவில்லை என்பது புலனாகும்.

இத்துறையின் முன்னோடியான ஏ. கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றபின், 1937 அக்டோபர் 2ஆம் நாள் டப்ளின் நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோதுதான் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. ஊர் திரும்புமுன்னரே அடுத்த பிரயாணத்துக்கு வித்திட்டுக்கொண்ட அவர், அப்படத்துக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சஞ்சரித்து, 1940இல் அதை வெளியிட்டார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ முதலிய நூல்களில் அவர் தம்மைப் பின்னுக்கு நிறுத்தி, கண்ட நாட்டையும் மக்களையுமே முன்வைக்கிறார். அந்த அடக்கமே அவற்றின் சிறப்பு; அந்தரங்க வியாகுலத்துக்கு அங்கே இடமில்லாமற்போனதற்கும் அதுவே காரணம். நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகனின் ‘புல்வெளிதேசம்’ ஆஸ்திரேலியாவைப் பற்றியது; அதுவும் திரும்பும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு சென்ற விருந்தினரின் பிரயாணமே.

குமரி மாவட்டத்தின் சரித்திரமோ, திரும்புகால் வாய்க்காத வேறு வகையினரையும் அறியும். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு ஆசானாகி, 1777இல் இங்கேயே மறைந்தார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவருடைய கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1806இல் மயிலாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே, பத்தாண்டு ஊழியத்துக்குப்பின் நோயுற்றுப் புறப்பட்டார்; அவர் முடிவு இன்னதென்று எவருக்கும் தெரியவில்லை.

திரும்பும் நாள் தன் வசத்தில் இல்லாதவனிடத்தில்தான் இந்த இரட்டை மனநிலை முழு உருவம் கொள்கிறது என்பதே என் துணிபு. இம்மாவட்டத்து எழுத்தாளர் மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ நாவல், சவூதி அரேபியாவுக்குப் பிழைக்கச் சென்றவர்களின் உலகைக் காட்டுகிறது. அங்கே கஃபீலின், அதாவது வேலைக்கு அழைத்துப் பொறுப்பேற்ற முதலாளியின், சம்மதமின்றி ஊர் திரும்புதல் வெகுகாலம் இயலாததாக இருந்தது. கடவுச்சீட்டில் ‘எக்ஸிட்’ விழுந்தபின்னும், அடையாத கடனும், தகப்பனை அறியாமல் வளர்ந்த பிள்ளையும், ஒரே அறையில் ஆண்டுக்கணக்காய் உண்டு உறங்கிய சிநேகிதரும் ஒருங்கே நினைவில் எழுந்து திரும்புபவனை அலைக்கழிக்கும். லீவில் வருபவனுக்கோ ஊரே இடைத்தங்கலாகிவிடுகிறது. கடலோர மக்களின் அனுபவம் இன்னும் கடுமையானது: 2020இல் கொரோனாக் காலத்தில் ஈரானில் சிக்கிய மீனவர் பலரை, கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். ஜலாஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது; உயிர் மீண்ட ஆறுதலும் சம்பாத்தியம் நின்ற ஏக்கமும் அக்கப்பலில் பிரிக்க முடியாதபடி கலந்தே வந்திருக்கும்.

ஆகவே, இத்துறையை ஆராய்வோர் பயண நூல்களோடு நின்றுவிடலாகாது. வளைகுடாவிலிருந்து வந்த கடிதங்களும், குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்பிய ஒலிநாடாக்களும் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவை அழியுமுன் தொகுக்கப்பட வேண்டும். உல்லாசமாக உலகம் சுற்றியவன் எழுதாமல் விட்ட கடைசி அத்தியாயத்தைப் பிழைக்கப் போனவனே எழுதியிருக்கிறான். அதை இலக்கியமென்று ஒப்புக்கொள்வது விமர்சகரின் கடமை.