மாநாடு கலைந்த பின்: உலகத் தமிழ் மாநாடுகள் நகரங்களில் விட்டுச்சென்ற எச்சங்கள்

திறவுச்சொற்கள்: உலகத் தமிழ் மாநாடு, நகரப் பண்பாடு, நினைவுச் சின்னம், தமிழாய்வு நிறுவனங்கள், மதிப்பீடு

பெரும் பண்பாட்டு நிகழ்வுகள் தாம் நடந்த நகரங்களில் எதை விட்டுச்செல்கின்றன என்னும் வினாவுக்குத் தமிழ்ச் சூழலில் சிலைகளையும் மண்டபங்களையும் எண்ணிக்காட்டியே பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. மாநாட்டு மலர்கள் இவ்வகைக் கணக்கையே முன்வைக்கின்றன. அவற்றைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகளும் அக்கணக்கை அரிதாகவே ஐயுறுகின்றன. கல்லாக நின்றவை மாநாடு நடந்த ஊரிலேயே தங்கின. நிறுவனமாகவும் ஆணையாகவும் வடிவெடுத்தவையோ பல நேரங்களில் அவ்வூரை விட்டு நீங்கின. இவ்விரண்டையும் 'நிலைத்த பயன்' என்று ஒரே பட்டியலில் எழுதுவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1968 ஜனவரியில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் மாநாடு இதற்கு விதிவிலக்கு. முதலமைச்சர் அண்ணாவின் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்த அம்மாநாட்டையொட்டி மெரினா கடற்கரைச் சாலையில் திருவள்ளுவர், ஔவையார், இளங்கோவடிகள், கம்பர், வீரமாமுனிவர், போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன் முதலியோரின் சிலைகள் நிறுவப்பட்டன. 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் சென்னையிலேயே தோன்றியது. கல்லும் நிறுவனமும் ஒரே நகருக்கு வாய்த்தமைக்கு மாநாட்டின் சிறப்பைவிடச் சென்னை தலைநகராக இருந்ததே முதன்மைக் காரணம் எனலாம். பின்வந்த மாநாட்டு நகரங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அச்சிலை வரிசையில் கண்ணகியின் இடம் தனித்து நோக்கத்தக்கது. புலவர்களுக்கும் அறிஞர்களுக்கும் நடுவே காப்பிய மாந்தர் ஒருவர் நிற்கிறார். நிறுவப்பட்டபோது அது வரிசையில் ஒன்றாகவே இருந்தது. 2001 டிசம்பரில் அகற்றப்பட்ட பின்னரே எதிர்ப்புகளும் அறிக்கைகளும் கவிதைகளும் எழுந்தன. 2006 ஜூனில் அது மீண்டும் நிறுவப்பட்டது. இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளில் வெற்றிடமாக இருந்த பீடம், முந்தைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் சிலை பெறாத பொருளைப் பெற்றது. ஆகவே நினைவுச் சின்னத்தின் தாக்கத்தை அது திறக்கப்பட்ட நாளிலிருந்து நேர்கோட்டில் அளக்க இயலாது. மாநாடு அமைத்தது ஒரு பீடத்தை. அதற்குப் பொருள் தந்தது பிற்கால அரசியல். இப்பொருளையும் மாநாட்டின் வரவாகக் கணக்கெழுதும் போக்கு நம் எழுத்துகளில் உண்டு. அது ஏற்கத்தக்கதன்று.

1981 ஜனவரியில் ஐந்தாம் மாநாட்டை நடத்திய மதுரையின் நிலை வேறு. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஆனால் அது தஞ்சாவூரில் அமைந்தது. அதன் முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். மாநாட்டை உருவாக்கிய கையே பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியது. மாநாட்டு நகரம் மட்டும் மாறியது. மதுரைக்கென அறிவிக்கப்பட்ட உலகத் தமிழ்ச் சங்கம் முழுமையான கட்டடத்துடன் 2016இல்தான் திறக்கப்பட்டது. சங்கத்தின் பெயரால் அறியப்படும் நகரம் தன் சங்கக் கட்டடத்துக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது.

1995இல் தஞ்சாவூரில் எட்டாம் மாநாடு நடந்தபோது பல்கலைக்கழகம் அங்கே ஏற்கெனவே இருந்தது. நகருக்குப் புதிதாகக் கிடைத்தவற்றுள் இராசராசன் மணிமண்டபம் குறிப்பிடத்தக்கது. அதே மாநாட்டில் கா. சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கை அறிஞர்கள் பங்கேற்க இயலாமல் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதும் மணிமண்டபத்தோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டிய எச்சமே. இலக்கணத்தில் எச்சம் என்பது முற்றுப்பெறாத வினை. அப்பொருளிலேயே இச்சொல் இங்கு ஆளப்படுகிறது.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் நடைபெற்றது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மாநாடன்று. மாநில அரசு தனித்து நடத்திய உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. அதன் மிக உறுதியான விளைவுகள் இரண்டு. கணினித் தமிழுக்கு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியீட்டு முறையையும் ஏற்ற அரசாணை ஒன்று. தமிழ் வழியில் பயின்றோருக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளித்த சட்டம் மற்றொன்று. தமிழகத்தின் எந்தச் சிற்றூரில் தமிழ் வழியில் படித்துத் தேர்வெழுதும் இளைஞருக்கும் இரண்டாவது விளைவு எட்டுகிறது. ஆனால் அதைக் கோயம்புத்தூரின் பயன் என்று கூற முடியாது. அந்நகருக்கென அறிவிக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவின் வரலாறு வேறு. மத்தியச் சிறை வளாக நிலத்தில் அமையவிருந்த அதற்கு 2023 டிசம்பரில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. இடையில் ஆட்சிகள் மாறின. சட்டம் ஆட்சி மாற்றத்தைத் தாண்டி நின்றது. பூங்காவால் அது இயலவில்லை. நகரத்துக்குரிய வாக்குறுதியைக் காக்கும் பொறுப்பு எவரிடமும் சட்டப்படி ஒப்படைக்கப்படாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனக் கருத இடமுண்டு.

மதிப்பீட்டு முறை பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2008இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கிய லிவர்பூலில் அதன் தாக்கத்தை ஆராயும் பணி 2005இலேயே தொடங்கி 2010 வரை தொடர்ந்தது. நகர மன்றம் பொறுப்பளிக்க, அந்நகரின் இரு பல்கலைக்கழகங்கள் அதை மேற்கொண்டன. நிகழ்வுக்கு முந்தைய நிலை பதிவாகியிருந்ததால் பிந்தைய மாற்றத்தைப் பேச ஓர் அடிப்படை கிடைத்தது. நம் மாநாடுகளிலோ விழா மலர் நிகழ்வுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. அதைக் கொண்டு நிகழ்வின் விளைவை எழுதுவது எங்ஙனம்? உள்ளாட்சி மன்றத் தீர்மானங்களும் பராமரிப்புச் செலவுக் கணக்குகளும் நூலகப் பயன்பாட்டுப் பதிவுகளும் தமிழாய்வாளர் கைக்கு எட்டாத பொருளாதாரத் துறைச் சான்றுகள் அல்ல. இலக்கியத் துறைகள் அவற்றைத் தீண்டாமல் விட்டமை நம் குறை.

எனினும் லிவர்பூல் வகை அளவீட்டுக்குள் அடங்காத எச்சமும் உண்டு. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் சு. வித்தியானந்தன் தலைமையில் நான்காம் மாநாடு நடைபெற்றது. அதைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்னும் அரசின் விருப்பத்துக்கு மாறாகவே யாழ்ப்பாணம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்கள்மீது காவல்துறை மேற்கொண்ட நடவடிக்கையும் அதன்போது அறுந்து விழுந்த மின்கம்பியும் பலரின் உயிரைப் பறித்தன. அம்மாநாட்டு ஆய்வுரைகளை இன்று தேடிப் படிப்போர் சிலர். இறந்தோருக்கான நினைவுத் தூண்கள் முற்றவெளியருகே நிற்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 10 அன்று அங்கே மக்கள் கூடி விளக்கேற்றுகின்றனர்.