மாக்சுவெல்லின் ‘மூலக்கூறுகள்’ உரை: உவமையின் பயனும் எல்லையும்

திறவுச்சொற்கள்: வாயு இயக்கவியற் கொள்கை, மூலக்கூறு, மோதல், உவமை, அறிவியல் உரைநடை

முன்னுரை

வாயுவின் அழுத்தம், வெப்பநிலை, விரவல் ஆகியவற்றை மூலக்கூறுகளின் ஓயாத இயக்கத்தால் விளக்குவது இயக்கவியற் கொள்கை. கண்ணுக்குப் புலனாகாத அவ்வியக்கத்தை, ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் 1873இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஆற்றிய ‘மூலக்கூறுகள்’ என்னும் உரையில் உவமைகளால் புலப்படுத்தினார். அவ்வுவமைகள் விளக்கமாக நிற்கும் இடத்தையும் வாதமாக மாறும் இடத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தேனீக்கூட்டம்

அசைவற்ற காற்றை மாக்சுவெல் தேனீக்கூட்டத்தோடு ஒப்பிடுகிறார். ஒவ்வொரு தேனீயும் விரைந்து திரிய, கூட்டம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. தனியின் விரைவும் தொகுதியின் அமைதியும் இங்குப் பொதுத்தன்மை. ஆயின் தேனீக்கள் ஒன்றையொன்று விலகிப் பறப்பவை. மூலக்கூறுகளோ மோதித் திசைமாறுபவை. கொள்கைக்கு இன்றியமையாத மோதல் இவ்வுவமையில் இல்லை.

அம்மோனியாக் குப்பி

அக்குறையை அம்மோனியாக் குப்பி நிறைவுசெய்கிறது. அம்மோனியா மூலக்கூறின் வேகம் நொடிக்கு 600 மீட்டர் என்கிறார் மாக்சுவெல். இடையே தடையில்லையேல், வாயுவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அரங்கின் தொலைகோடிக்கும் நெடி எட்டியிருக்கும். காற்று மூலக்கூறுகளுடன் மோதுவதால் அது மெல்லவே பரவுகிறது.

இதன் பின்னணியில் ஒரு விவாதம் உண்டு. மூலக்கூறுகள் அத்துணை விரைவுடையனவாயின் வாயுக்கள் ஏன் மெல்லக் கலக்கின்றன என டச்சு வானிலை அறிஞர் பைஸ் பலோட் வினவினார். 1858இல் ருடால்ஃப் கிளாசியஸ் சராசரி மோதலிடைத் தூரம் என்னும் கருத்தால் விடையளித்தார். இயல்பான அழுத்தத்திலுள்ள காற்றில் அத்தூரம் ஏறத்தாழ 70 நானோமீட்டர். மறுப்பாக எழுந்த வினாவே அளவிடத்தக்க சான்றாயிற்று. மாக்சுவெல்லின் குப்பி அவ்வினாவை அவையோரின் புலனறிவுக்கு உட்படுத்துகிறது.

செய்பொருள்

உரையின் இறுதிப்பகுதி வேறு தன்மையது. சிரியஸ் விண்மீனிலும் ஹைட்ரஜன் மூலக்கூறின் அதிர்வுக்காலம் மாறாதது என்பதை நிறமாலை காட்டுகிறது. இவ்வொருமையைக் கொண்டு, ஜான் ஹெர்ஷலின் சொல்லாட்சியைத் தழுவி, மூலக்கூறைச் ‘செய்பொருள்’ என்கிறார் மாக்சுவெல். ஒருமை நோக்கி அறியப்பட்டது. செய்யப்பட்டமையோ உவமானத்திலிருந்து உவமேயத்தின்மேல் ஏற்றப்பட்டது. பொருள் இன்மையிலிருந்து படைக்கப்பட்டதை ஆராய அறிவியலுக்குத் தகுதியில்லை என அவரே எல்லை வகுக்கிறார். எனினும் அவ்வெல்லையை நெருங்கும் வரை தாம் வந்த வழி அறிவியல் வழியே என்பது அவர் துணிபு. அவ்வழியின் கடைசி அடி உவமையால் கடக்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

தேனீக்கூட்டம் காட்சிதருகிறது, குப்பி சோதனைக்கு இடந்தருகிறது, செய்பொருள் சோதிக்க இயலாத முடிவைத் தருகிறது. மூன்றும் ஒரே நடையில் சொல்லப்படுவதால், அவற்றின் வேறுபாட்டைக் கேட்போர் உணர்தல் அரிது. ஆதலின் அறிவியல் உரைநடையை ஆராயும் திறனாய்வு, உவமையின் பொதுத்தன்மை எங்கு முடிகிறது என்பதையும் சுட்டுதல் வேண்டும்.