மணவிழாவுக்குப் பின்னும் தொடரும் கதை

காதல் கதை எங்கே முடிய வேண்டும் என்பதில் பழைய கதைசொல்லிகளுக்கு ஐயமே இருந்ததில்லை. தடைகள் நீங்கும், பகை தணியும், மாலை மாற்றுவர், கதை முடியும். அதன் பிறகு அந்த இருவரும் எப்படி வாழ்ந்தனர், எதற்காகக் கோபித்துக்கொண்டனர், பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவில் யார் விழித்திருந்தார் என்பவையெல்லாம் கதைக்கு வெளியே விடப்பட்டன. ஆனால் வாசகர்கள், சிறப்பாகப் பெண் வாசகர்கள், அவற்றைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றுதான் இன்று ஆங்கிலத்தில் பெருவழக்காகிவிட்ட ஒரு புதின வகை. ஒரே ஊரையோ ஒரே குடும்பத்தையோ களமாகக் கொண்டு, நூலுக்கு ஓர் இணையரை முன்னிறுத்தி, முந்தைய நூல்களின் மாந்தரையும் உடன் வாழவிட்டு, ஒன்றோடொன்று பிணைந்து செல்லும் எளிய காதற் புதின வரிசைகளையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

நம் வார இதழ்த் தொடர்கதையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. தொடர்கதை ஒரே கதையை வாரந்தோறும் துண்டு துண்டாகத் தருவது; அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்னும் பதைப்பே அதன் உயிர். இங்கோ ஒவ்வொரு நூலிலும் அதன் முதன்மைக் காதல் முற்றுப்பெற்றுவிடுகிறது. ஆயினும் வாசகர் அடுத்த நூலையும் தேடி வாங்குகிறார். பதைப்புத் தீர்ந்த பின்னும் அவரைத் திரும்ப அழைப்பது எது? இந்த நூல்களைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோர் இவ்வினாவை எழுப்புவதே இல்லை.

முகவரிகளால் ஆன ஊர்

எடுத்துக்காட்டாக, அமெரிக்க எழுத்தாளர் டெபி மேகோம்பரின் ‘சீடர் கோவ்’ வரிசையைப் பார்ப்போம். 2001 முதல் 2011 வரை வெளிவந்த முதன்மைப் புதினங்கள் பன்னிரண்டு. வாஷிங்டன் மாநிலத்தில், கடல்நீர்ப் பரப்பொன்றின் மறுகரையில், ஆசிரியர் வாழ்ந்துவந்த போர்ட் ஆர்ச்சர்ட் என்னும் சிறு நகரை மாதிரியாகக் கொண்டு புனையப்பட்ட ஊரே சீடர் கோவ். நூல்களின் தலைப்புகள் எல்லாம் வீட்டு முகவரிகள். முதல் நூல் ‘16 லைட்ஹவுஸ் ரோடு’. இரண்டாவது ‘204 ரோஸ்வுட் லேன்’. மூன்றாவது ‘311 பெலிகன் கோர்ட்’. இவ்வாறே சென்று பன்னிரண்டாவது ‘1225 கிறிஸ்துமஸ் ட்ரீ லேன்’ என நிறைவுறுகிறது. கதவிலக்கம் எந்த எண்ணில் தொடங்குகிறதோ அதுவே வரிசையில் அந்நூலின் இடம். பின்னட்டையிலோ வழக்கமான கதைச்சுருக்கம் இல்லை. அந்த வீட்டில் வாழும் ஒருவர் வாசகருக்கு எழுதும் மடல் இருக்கிறது.

இது விற்பனை உத்தியே. ஆனால் உத்தி பலிப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். முகவரி என்பது யாரேனும் தேடி வரக்கூடும் என்பதற்கான அடையாளம். ‘இங்கே வாருங்கள், எங்களை உங்களுக்குத் தெரியும்’ என்று அழைக்கும் குரல் அது.

முதல் நூலின் கதை விளையாட்டாகத் தொடங்குவதன்று. குடும்ப நீதிமன்ற நடுவர் ஒலிவியா லாக்கர்ட்டின் முன் இளந்தம்பதியர் இருவர் மணமுறிவு வேண்டி நிற்கின்றனர். கணவன் இயன் கடற்படை வீரன். அவன் கடலில் இருந்தபோது குறைமாதத்தில் பிறந்த அவர்களுடைய மகள் இறந்துபோனாள். மனைவி சிசீலியா தனியாகவே அந்தக் குழந்தையை அடக்கம் செய்ய நேர்ந்தது. இருவருக்கும் இடையே அதன்பின் பேச்சே இல்லை. சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைப் பற்றிக்கொண்டு அவர்கள் பிரிவதற்கு ஒலிவியா இடம்கொடுக்க மறுக்கிறார். அவருடைய மகனும் சிறுவயதிலேயே நீரில் மூழ்கி இறந்தவன். அந்த இழப்பைத் தாங்காமல் அவருடைய மணவாழ்வும் முறிந்தது என்பதைப் பின்னர் அறிகிறோம். தமக்கு யாரும் கொடுக்காத கால அவகாசத்தை அவர் அந்த இளையோருக்குக் கொடுக்கிறார்.

கனமான செய்திதான். ஆனால் அதனைச் சுற்றிலும் ஆசிரியர் சிரிப்பைப் பரப்பி வைத்திருக்கிறார். துக்க வீடுகளுக்குச் சென்று, அங்குப் பரிமாறப்படும் பண்டங்களின் செய்முறையைக் கேட்டுச் சேகரிக்கும் முதியவர் சார்லட், ஒலிவியாவின் தாய். ஊருக்கு ஒரு மருத்துவ நிலையம் வேண்டும் என்று போராடிக் காவலரால் பிடித்துச் செல்லப்படுபவரும் அவரே. எளிய நடை, குறும்பான உரையாடல், ஊர்வம்பு, பின்னல் ஊசியும் தேநீரும் என்று கதை இலகுவாக நகர்கிறது. சிரிப்பைக் கேட்க வந்தவர் துயரத்தையும் கேட்டுவிட்டுப் போகிறார்.

காலம் என்னும் உதவி

இந்த வரிசை அமைப்பு எழுத்தாளருக்கு அளிக்கும் பெருங்கொடை காலம். தனிப் புதினத்தில் முந்நூறு பக்கத்துக்குள் பிழையும் நேர வேண்டும், மன்னிப்பும் கிடைக்க வேண்டும். வரிசையிலோ மன்னிப்பு நூல்களைக் கடந்து மெல்ல நடக்கலாம்.

ஒலிவியாவின் தோழி, நூலகர் கிரேஸ். அவருடைய கணவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகிறார். வியட்நாம் போரில் தாம் செய்ததன் குற்றவுணர்வு அவரை உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்கு அரித்திருந்தது என்பது இரண்டாம் நூலில்தான் தெளிகிறது. அந்தப் போரின் நிழல் அதோடு நில்லாமல், ஊரின் விடுதியொன்றில் இறந்துபோகும் அந்நியரின் கதையாக மீண்டும் எழுந்து நான்காம் நூல் வரை நீள்கிறது. கிரேஸ் கிளிஃப் என்பவரிடம் அன்பு கொள்கிறார். அதே வேளையில் மணமான வேறொருவரோடு கணினி வழியே மறைவாக மடல் பரிமாறி, அந்த அன்பையும் முறித்துக்கொள்கிறார். உடைந்த நம்பிக்கை அந்த நூலிலேயே ஒட்டவைக்கப்படுவதில்லை. அடுத்த நூலிலும் அது விரிசலாகவே கிடக்கிறது. அதன் பின்னரே அவர்கள் மணவாழ்வை அடைகிறார்கள். இல்லறத்தை அறிந்தவர் எவரும் இந்தத் தாமதத்தை உண்மை என்று ஒப்புவர்.

அடுத்த நூலை வாசகி தேடுவதன் காரணம் இங்கே விளங்குகிறது. புதிய காதலர் யார் என்று அறியும் ஆவலைவிட, பழைய கிரேஸ் எப்படி இருக்கிறார் என்று நலம் கேட்கும் ஆவலே அவரை இழுக்கிறது. இந்த வகை நூல்களில் காதல் வாசற்படி. வீட்டுக்குள் இருப்பது அண்டை அயலாரின் உறவு. கதையின் நடுவிடத்தை விட்டு விலகிய பின்னும் ஒருவர் மறக்கப்படுவதில்லை என்னும் உறுதியே இதன் இன்பம். 2009-இல் போர்ட் ஆர்ச்சர்ட் நகரம் ‘சீடர் கோவ் நாள்கள்’ என்று விழா எடுத்தபோது, இல்லாத ஓர் ஊரைக் காண வாசகர்கள் வந்து குவிந்தனர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணத் தகும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்னும் நூல் இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. காதற் புதினங்களை விரும்பிப் படிக்கும் ஓரூர்ப் பெண்களை அணுகி, அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பதோடு ஏன் படிக்கிறார்கள் என்றும் அவர் கேட்டார். அவர்களுள் பெரும்பாலோர் மனைவியர், தாயர். வீட்டில் எல்லாருக்கும் பரிவு காட்ட வேண்டிய அவர்களுக்குப் பரிவு காட்டுவார் இல்லை. புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் நேரம் ஒன்றே அவர்களுக்கென்று வாய்த்த நேரம் என்பது அவருடைய முடிவு. அதோடு நில்லாமல், அந்த ஆறுதல் வீட்டின் நிலையை மாற்றாமலே அவர்களைத் தணித்துவிடக்கூடும் என்றும் அவர் ஐயுற்றார். இரண்டையும் ஒருங்கே ஏற்பதே நேர்மை.

இரு குருக்களும் ஓர் எழுத்தாளரும்

ஒரே மாந்தரைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது புதிய வழக்கமன்று. ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலப், பார்செட்ஷயர் என்னும் கற்பனை மாவட்டத்தை வைத்து 1855 முதல் 1867 வரை ஆறு புதினங்கள் படைத்தார். அவற்றில் வருவோர் பலரும் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருக்களும் அவர்தம் குடும்பத்தாருமே. ஒருநாள் இலண்டனில் தாம் இருந்த கழகத்தில் குருக்கள் இருவர் தம் கதைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இவர் பழைய ஆட்களையே மீண்டும் மீண்டும் கொண்டுவருகிறாரே’ என்ற பொருள்பட ஏசியதையும், ஆயரின் மனைவி திருமதி புரூடியை அவர்கள் குறிப்பாகச் சாடியதையும் டிரோலப் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர்களிடம் சென்று, அந்த அம்மையாரை ஒரு வாரத்துக்குள் கொன்றுவிடுவதாகச் சொல்லி, அவ்வாறே செய்தும் விட்டார். பிற்காலத்தில் அதற்காக வருந்தினார் என்பதும் அந்நூலிலேயே உண்டு.

சலித்துக்கொண்ட அந்தக் குருக்கள் இருவரும் கதையைக் கையை விட்டுக் கீழே வைத்தாரில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெரிந்த முகத்தைக் கண்டு குறைசொல்வதும் ஒருவகை உறவே.

எங்கே குறைகிறது?

பாராட்டு இவ்வளவு என்றால் குறையையும் சொல்லியாக வேண்டும். எட்டாம் நூலாகிய ‘8 சாண்ட்பைப்பர் வே’ ஒரு சபைப் போதகரின் வீட்டுக் கதை. கணவரின் சட்டைப்பையில் ஒரு பெண்ணின் காதணிகளை எடுக்கிறார் மனைவி எமிலி. வீட்டுக்குத் தாமதமாக வரும் கணவரைப் பற்றி எழுந்திருந்த ஐயம் வலுக்கிறது. ஊரார்க்கெல்லாம் ஆறுதல் சொல்பவரின் மனைவி தன் துயரை யாரிடம் சொல்வாள்? அருமையான இடம். ஆனால் ஆசிரியர் அங்கே நிற்கத் துணியவில்லை. கணவர் குற்றமற்றவர், பணமுடையால் இரவில் வேறொரு வேலைக்குச் சென்று அதனை மறைத்திருக்கிறார் என்று முடிச்சு அவிழ்கிறது. வாசகர் மூச்சுவிடுகிறார். எமிலி ஐயுற்றது மெய்யாகவே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற கேள்வியோ கேட்கப்படாமலே போகிறது. பொய் சொல்லி மனைவியைப் பல மாதம் இருளில் வைத்ததும் ஒரு பிழைதானே? அதற்குரிய எடையும் அதற்குக் கிட்டவில்லை. குற்றமின்மையை மெய்ப்பிப்பது எளிது. குற்றத்தை மன்னிப்பதே அரிது. கிரேஸின் கதையில் அந்த அரியதைச் செய்து காட்டியவர் இங்கே எளியதைத் தேர்ந்துகொண்டார்.

பொதுவாகவே இவ்வகை நூல்களுக்கு உரிய நோய் இது. முந்தைய இணையர்கள் சிலபோது பின்புலத்தில் சிரித்தபடி கைகோத்து நிற்கும் படங்களாக உறைந்துவிடுகிறார்கள். வேறு சிலபோது, அடுத்த நூலுக்கு விளம்பரம் செய்யவே ஒருவர் தெருமுனையில் தோன்றி மறைகிறார். அப்போது ஊர் ஊராக இல்லாமல் கடையாகிவிடுகிறது.

மணவிழாவைக் கடந்து கதையைக் கொண்டுசெல்லும் துணிவு எத்தகையது என்பதற்குக் கனடா எழுத்தாளர் எல். எம். மாண்ட்கோமரி சான்று. 1908-இல் ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நூலில் நாம் சந்தித்த செந்தலைச் சிறுமி ஆன், 1917-இல் வந்த ‘ஆன்ஸ் ஹவுஸ் ஆஃப் டிரீம்ஸ்’ நூலில் மணமகளாகிறாள். அதே நூலில் தன் தலைப்பிள்ளையைப் பிறந்த நாளிலேயே இழக்கிறாள். 1921-இல் வந்த ‘ரில்லா ஆஃப் இங்கிள்சைட்’ நூலில் அவளுடைய மகன் வால்டர் முதல் உலகப்போரில் மடிகிறான். அந்த மரணத்தை அடுத்த திருப்பம் எதுவும் துடைத்துவிடுவதில்லை. சிரிக்க வைத்த அதே குரல் அழவும் வைக்கிறது. முதல் நூலிலிருந்து ஆனை அறிந்தவர்க்கே அந்த அழுகையின் முழுக்கனமும் விளங்கும்.

ஆகவே இந்த நூல்களை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. முடிவு மகிழ்வானதா, துயரமானதா என்பது அளவுகோலன்று. முதல் நூலில் நேர்ந்த இழப்பை ஐந்தாம் நூலும் நினைவில் வைத்திருக்கிறதா என்பதே கேள்வி. இயனும் சிசீலியாவும் மீண்டும் ஒன்றுசேர்ந்து இன்னொரு குழந்தைக்குக் காத்திருக்கும் காலத்திலும் பழைய அச்சம் அவர்களை விட்டு நீங்குவதில்லை. அந்த இடங்களில் மேகோம்பர் இந்தத் தேர்வில் வெல்கிறார். எமிலியின் வீட்டில் தோற்கிறார்.

நம் இல்லங்களில் தாயோ தங்கையோ மகளோ இத்தகைய நூலொன்றைக் கையில் வைத்திருக்கக் கண்டால் ஏளனம் செய்ய வேண்டா. கதையில் இப்போது யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்லத் தொடங்கிவிடுவார். அதைக் கேட்டு முடித்தபின், அவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்பது நல்லது. அந்த இரண்டாம் கேள்வியை வீட்டில் யாரும் கேளாத நாள்களில்தான் பலர் சீடர் கோவுக்கு வழி தேடிச் செல்கிறார்கள்.