டிக் போடுவதற்கு முன்

லினக்ஸ் நிறுவுவதில் இன்று பெரிய வித்தை எதுவும் இல்லை. பென் டிரைவைச் செருகி நாலைந்து கேள்விக்குப் பதில் சொன்னால், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே விண்டோஸ் குடியிருக்கிற ஹார்டு டிஸ்கில், அதன் ஒரு ஃபைல்கூடக் கலையாமல் புது ஆளுக்கு இடம் ஒதுக்கித் தருவதுதான் வித்தை. அதை நறுவிசாகச் செய்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில் எனக்குத் தனி ருசி.

வடுகபட்டியில் என் அக்கா மகன் அப்படிப்பட்ட கைக்காரன். பூண்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர் அது. அவர்கள் கமிஷன் கடையின் கணக்கெல்லாம் டாலியில். டாலிக்கு விண்டோஸ் வேண்டும், அதனால் விண்டோஸைத் தூக்க முடியாது. மற்ற வேலைகளுக்கு டெபியன் போடலாம் என்று முடிவு. மெஷின், அவன் அக்கா பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. ஆரம்ப காலத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7-உம், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்கில் சேர்ந்தே இருந்தன. பாஸுக்கும் அடிப்படை டெபியன்தான். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றிக்கொண்டார்கள். இந்த மெஷினிலும் அதே கதைதான்.

டிஸ்க் 320 ஜிபி. திரையில் காட்டுவது 298. லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து ஜிபார்ட்டட் திறந்தான். டிஸ்க் முழுவதும் ஒரு நீளப்பட்டையாக விரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நிரம்பிய பகுதி மஞ்சள், காலி வெள்ளை. முதலில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய 100 எம்பி, அப்புறம் சி 100 ஜிபி, டி 100, கடைசியில் சினிமா இருக்கும் இ 98. நாலுமே பிரைமரி.

இங்கேதான் பலர் முட்டிக்கொள்வார்கள். பழைய எம்பிஆர் முறையில் பிரைமரி நாலுதான் போடலாம். டிஸ்கின் முதல் 512 பைட்டில் 446 பூட் செய்யும் நிரலுக்குப் போக, பாகப் பட்டியலுக்குக் கிடைப்பது 64. ஆளுக்கு 16 பைட், நாலு பேர், அவ்வளவே. 1983-இல் டாஸ் 2.0 காலத்தில் வந்த கணக்கு இது. பின்னால் வந்த ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பேருக்கு இடம் உண்டு. பட்டியலின் நகல் ஒன்றும் டிஸ்கின் கடைசியில் பத்திரமாக இருக்கும். பட்டியல் என்பது வெறும் பட்டா, நிலம் வேறு. பட்டா அழிந்தாலும் நிலம் அப்படியே கிடக்கும் என்பதால்தான், தொலைந்த பார்ட்டிஷனை டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளால் பெரும்பாலும் மீட்க முடிகிறது.

சி-யில்தான் வெள்ளை அதிகம். நானாக இருந்தால் அதைச் சுருக்கியிருப்பேன். அவன் தொடவில்லை. சி-யின் வால்பக்கத்தில் கிடைக்கும் இடத்துக்கும் இ-க்கும் நடுவே டி உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்க்க டி-யை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். அப்படியென்றால் அதிலுள்ள தரவு முழுவதையும் எடுத்து வேறிடத்தில் எழுத வேண்டும். பழைய டிஸ்கில் மணிக்கணக்காகும். பேட்டரி செத்த மெஷினில் பாதியில் கரண்ட் போனால் டி காலி. வால்பக்கம் மட்டும் சுருக்குவது அதைவிடச் சுலபம், ஆபத்தும் குறைவு.

ஆகவே டி-யின் வலது ஓரத்தைப் பிடித்து 50-க்கு இழுத்தான். சினிமாவை வெளி டிஸ்கில் முன்பே நகலெடுத்திருந்ததால் இ-யை நீக்கினான். சேர்ந்து கிடைத்த 148-ஐ எக்ஸ்டெண்டட் ஆக்கி, உள்ளே மூன்று லாஜிக்கல் போட்டான்: ரூட் 30, ஸ்வாப் 4, ஹோம் 114. லாஜிக்கலின் எண் எப்போதும் 5-இல்தான் தொடங்கும்.

செய்யப்போகும் வேலைகளின் பட்டியலாகத் திரையின் அடியில் ஆறு வரி சேர்ந்திருந்தது. டிஸ்கில் இன்னும் ஒரு பைட்கூட மாறவில்லை. "பதறாதீங்க மாமா, டிக் போடுற வரைக்கும் எல்லாமே பேச்சுத்தான்" என்றான். ஆறு வரியையும் மேலிருந்து கீழே ஒருமுறை வாய்விட்டுப் படித்தான். மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் இன்றில்லை என்று உறுதி செய்துகொண்டான். பிறகுதான் டிக்.

ஹோமைத் தனியாக வைத்ததில் அவன் தொலைநோக்கு தெரிகிறது. நாளைக்கு டெபியன் அலுத்து வேறொன்று போட்டால் ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும். படமும் பத்திரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு நுணுக்கமும் செய்தான். எக்ஸ்ட்4 தன் இடத்தில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று பிடித்து வைக்கும். ரூட்டில் அது தேவை, ஹோமில் வீண். ஒரே கட்டளையில் அதை 1 சதவீதமாக்கி நாலரை ஜிபி மீட்டான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு அரசு மடிக்கணினி தூங்கலாம். இறக்கித் தூசி தட்டுங்கள். உள்ளே இருப்பதை முதலில் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். விண்டோஸை ஹைபர்னேட்டில் விடாமல் முழுதாக நிறுத்துங்கள். யாருக்கு எவ்வளவு இடம் என்று தாளில் எழுதிப் பார்த்த பிறகு மவுஸைத் தொடுங்கள்.