மோட்டார் பிழைத்துக்கொள்ளும், மூடி?

ஃபுட் பிராசஸர் வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் காட்டுவது வாட்ஸ் கணக்கைத்தான். 600, 750, 1000 என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. பிளேடுக்குப் போய்ச் சேரும் வலுவும் மெஷினின் ஆயுளும் வேறு கணக்கு.

சட்னி, மசாலா, பொடி எல்லாம் சின்ன ஜாரின் வேலை; அதற்கு அசுர வேகம் வேண்டும். நறுக்குவது, துருவுவது, மாவு பிசைவது பெரிய கிண்ணத்தின் வேலை. அதற்கு நிதானமும் முறுக்குவிசையும் வேண்டும். ஒரே மோட்டாரில் இரண்டையும் நடத்த, கிண்ணத்துக்குப் போகும் வேகத்தைப் பல்சக்கரம் வைத்துக் குறைக்கிறார்கள். இட்லி மாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது கிரைண்டரின் கல்லுக்கே உரியது.

மெஷினின் தரத்தைச் சப்பாத்தி மாவு சொல்லிவிடும். கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் கோதுமை மாவைப் போட்டு, மூடியின் குழாய் வழியே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், நல்ல மெஷினில் ஓரிரு நிமிடத்தில் மாவு ஒரே உருண்டையாகத் திரளும். மட்டமானதில் சத்தம் கனக்கும், வேகம் இறங்கும், மெஷின் மேடை மேல் நகர ஆரம்பிக்கும். சுமை மீறினால் ஓவர்லோடு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறவிட்டு அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். அது மோட்டாருக்குக் காவல்தான். ஆனால் வாரத்துக்கு நாலு முறை அந்தப் பொத்தானைத் தேட வேண்டியிருந்தால், அந்த வீட்டுச் சமையலுக்கு அந்த மெஷின் போதவில்லை என்று பொருள்.

காய்கறியில் முட்டைக்கோஸுக்கும் கேரட்டுக்கும் முழு மதிப்பெண். வெங்காயத்தைப் பல்ஸில் விட்டுவிட்டு இயக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் நீர்விட்டுக் கூழாகிவிடும். பீன்ஸ் குழாய்க்குள் படுத்துக்கொண்டால் நீளநீளமாகத்தான் விழும். பொரியலுக்குக் கத்தியே மேல்.

இந்தியச் சமையல் வெளிநாட்டு மெஷினைத் திணறடித்த கதை பழையது. மும்பையில் சீமென்ஸில் வேலை பார்த்த பொறியாளர் எஸ்.பி. மாத்தூரின் வீட்டில், ஜெர்மனியின் பிரான் மிக்ஸர் மசாலா அரைத்தே புகைந்துபோனது. 1960-களில் அவர் உருவாக்கிய சுமீத் மிக்ஸி, உலர்ந்த மஞ்சளையும் ஊறிய பருப்பையும் மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பிராசஸர் வரவழைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. கேரட் துருவ வந்த மெஷினிடம் கொத்தமல்லி விதையை நீட்டக் கூடாது.

நம் வீட்டு மெஷின்களில் முதலில் தேய்வது சின்னச் சின்னப் பாகங்கள்: மோட்டாரின் கார்பன் பிரஷ், ஜாரும் உடலும் சேரும் இடத்துக் கப்ளர், ஜாருக்கு அடியிலுள்ள புஷ். இவற்றை உள்ளூர் மிக்ஸி ரிப்பேர் கடையிலேயே மாற்றிவிடலாம். பிராசஸரின் உண்மையான பலவீனம் பிளாஸ்டிக் கிண்ணமும் மூடியும்தான். மூடி சரியாகப் பூட்டினால்தான் மெஷின் ஓடும். அதற்கென மூடியின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு பல் உள்ளேயிருக்கும் சுவிட்சை அழுத்துகிறது. அந்தப் பல் உடைந்தால், மோட்டார் புத்தம் புதிதாக இருந்தாலும் மெஷின் அசையாது.

உலகத் தரம் என்று பேர் வாங்கியவையும் இதற்கு விலக்கல்ல. பிரான்ஸின் மாஜிமிக்ஸில் இருப்பது கார்பன் பிரஷ் தேவைப்படாத இண்டக்ஷன் மோட்டார். அதற்கு 30 ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனம், மற்ற பாகங்களுக்குத் தருவது 3 ஆண்டுதான். அமெரிக்காவின் குவிசினார்ட், பிளேடு விரிசல்விட்டு உணவில் துண்டுகள் கலக்கும் அபாயத்தால், 2016 டிசம்பரில் சுமார் 80 லட்சம் பிராசஸர்களின் பிளேடுகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. பாதிக்கப்பட்டவை ரிவெட் அடித்துப் பொருத்திய பிளேடுகள்.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. மூடியை ஏழெட்டு முறை பூட்டித் திறந்து, அந்தப் பல்லின் கனத்தைப் பாருங்கள். பிளேடை அதன் தண்டில் செருகி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. உத்தரவாத அட்டையில் மோட்டாருக்கு 5 ஆண்டு என்றிருந்தால், கிண்ணத்துக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். மாற்றுக் கிண்ணத்தின் விலையையும், அது கிடைக்க எத்தனை நாளாகும் என்பதையும் பில் போடுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து கேட்டுவிடலாம்.

தினமும் சப்பாத்தி போடும் பெரிய குடும்பத்துக்குத் தனி ஃபுட் பிராசஸர் செலவுக்குத் தகும். மூன்று நான்கு பேர் உள்ள, சட்னியும் குழம்பும் பிரதானமான வீட்டுக்கு, பிராசஸர் ஜாரும் சேர்ந்துவரும் 750 வாட்ஸ் மிக்ஸியே போதும். கிண்ணம் உடைந்தாலும் மற்ற ஜார்களோடு அன்றாடச் சமையல் நடக்கும்.